வ.உ.சி. கையெழுத்துப் பங்குப் பத்திரம் ஏலத்துக்கு வந்தால் உஷார்

பழைய ஆவணங்களை ஆன்லைன் ஏலத்தில் எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். புகார் நிலுவையில் இருப்பதால் ஏலக்காரர் பெயரைப் போடவில்லை.

சுதேசிக் கப்பல் கம்பெனியின் பங்குப் பத்திரம், வ.உ.சி. கையெழுத்துடன், 'சுமார் 1907' என்று பட்டியலில் போட்டிருந்தார்கள். 1906 இல் தூத்துக்குடியில் தொடங்கிய கம்பெனி. மூலதனம் 10 லட்சம், 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். அதில் ஒன்று கைக்கு வருகிறதென்றால் சும்மாவா? 42,000 ரூபாய்க்கு ஏலம் முடிந்தது. அதற்குமேல் 20 சதவீதக் கமிஷன், வரி, கூரியர் என்று 50,000-ஐத் தாண்டிவிட்டது.

பட்டியல் படத்தில் கீழ் ஓரம் மடிந்திருந்தது. வந்ததைப் பிரித்தால், அந்த மடிப்புக்குள் தேதி: ஆகஸ்ட் 1909! வ.உ.சி. 1908 மார்ச்சில் கைதானவர், விடுதலையானது 1912 கடைசியில். கோவைச் சிறையில் செக்கிழுத்தவர் கம்பெனிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாராம்.

பத்து மடங்கு லென்ஸ் வைத்துப் பார்த்தேன். தேதியும் எண்ணும் மட்டும் பேனா மை. கையெழுத்து முழுக்கப் பொடிப்பொடியாக நீலம், சிவப்பு, மஞ்சள் புள்ளிகள்; பிரிண்டர் வேலை. புறஊதா டார்ச் அடித்தால் தாள் நீலவெள்ளையாகப் பளிச்சிடுகிறது. அப்படி மின்னவைக்கும் வெளுப்பு ரசாயனம் 1909 இல் காகித ஆலைகளில் கிடையவே கிடையாது.

புகார் சொன்னதும் 'உள்ளது உள்ளபடி விற்பனை' என்ற விதியைக் காட்டினார்கள். 75 ஆண்டு கடந்த வரலாற்று ஆவணம் 1972 தொல்பொருள் சட்டத்துக்குள் வரும், அதை விற்க உரிமம் வேண்டும். அசல் என்றுதானே விற்றீர்கள் என்று உரிம எண் கேட்டேன். அதோடு போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

ஏலம் கேட்கும் முன்பே மடிப்பில்லாத முழுப் படம், பின்பக்கப் படம், கையெழுத்தின் நெருக்கப் படம் மூன்றையும் கேளுங்கள். யாரிடமிருந்து வந்த சரக்கு, போலி என்றால் எத்தனை நாளுக்குள் பணம் திரும்பும் என்பதை மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

2019 நுகர்வோர் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், கொடுத்துவிட்டேன். நோட்டீஸ் போன பிறகு, 'பத்திரத்தை அனுப்புங்கள், பரிசோதித்துச் சொல்கிறோம்' என்று திடீர்ப் பரிவு. அனுப்பவில்லை. ஆணையம் கேட்டால் அங்கேதான் கொடுப்பேன்.