அவுட்லுக் மேக்ரோ: நான்கில் இரண்டாவது

சென்ற வாரம் மடிக்கணினி பழுதுநீங்கி வந்தது. டிஸ்க் புதிது, விண்டோஸ் புதிது. மின்னஞ்சல் மென்பொருளான அவுட்லுக்குக்காக நான் எழுதிய மேக்ரோ (தானாக ஓடும் சிறு நிரல்) பென் டிரைவில் இருந்தது. அந்தக் கோப்பைப் பழைய இடத்தில் போட்டு அவுட்லுக்கைத் திறந்தேன். ஒரு கேள்வியும் கேட்காமல் ஓடியது. அதுதான் உறுத்தியது. எழுதியது நான்தான் என்று காட்ட அதற்கு நான் இட்ட டிஜிட்டல் கையொப்பத்தின் சான்றிதழ் பழைய டிஸ்கோடு போய்விட்டதே!

அவுட்லுக்கின் பாதுகாப்பு அமைப்புகள் இருக்கும் டிரஸ்ட் சென்டரைத் திறந்தால், மேக்ரோ அமைப்பின் நான்கு தெரிவுகளில் கடைசியில் புள்ளி: எல்லா மேக்ரோக்களுக்கும் அனுமதி. 'பரிந்துரைக்கப்படுவதில்லை' என்று பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. கடைக்குப் போன் செய்தேன். "எச்சரிக்கை வந்து தொந்தரவு செய்யுமே என்று நான்தான் மாற்றினேன், சார்" என்றார், பெரிய உபகாரம் செய்த குரலில். 1999 மார்ச்சில் அவுட்லுக் முகவரிப் பட்டியலின் முதல் 50 பேருக்குத் தன்னையே அனுப்பிக்கொண்ட மெலிசா வைரஸ், வேர்டின் மேக்ரோ பாதுகாப்பைத் தானே தளர்த்திக்கொள்ள வேண்டியிருந்தது. இங்கே அந்த வேலையைக் கடைக்காரரே முடித்து வைத்திருக்கிறார்.

அந்த மேக்ரோ செய்வது ஒன்றே ஒன்றுதான். மடலில் 'இணைப்பு' என்று எழுதிவிட்டுக் கோப்பை இணைக்க மறந்தால், அனுப்பவிடாமல் நிறுத்திக் கேட்கும். மேக்ரோ எழுதும் மொழியான விபிஏவின் எடிட்டரில் தமிழைத் தட்டினால் வெறும் கேள்விக்குறிகள்தான் விழும். எழுத்துகளை அவற்றின் யூனிகோட் எண்களாகத்தான் கொடுக்க வேண்டும். முதலில் 2951, 2979, 3016 என்று 'இணை'யோடு நிறுத்தினேன். 'இணையதளம்' என்று எழுதிய மடலையெல்லாம் பிடித்து வைத்துக்கொண்டது. பிறகு 2986, 3021, 2986 சேர்த்து 'இணைப்ப' வரை நீட்டினேன். இணைப்பு, இணைப்பில், இணைப்பாக எல்லாம் அகப்பட்டன. அதற்குப் பிறகு எத்தனை முறை மானத்தைக் காப்பாற்றியிருக்கிறது!

நமக்கு நாமே சான்றிதழ் செய்துகொள்ளும் கருவியான செல்ஃப்செர்ட்டில் புதிதாக ஒன்றை உண்டாக்கி மறுபடி கையொப்பமிட ஐந்து நிமிடம் ஆனது. தெரிவை இரண்டாவதற்குக் கொண்டுவந்தேன்: கையொப்பமிட்டதற்கு மட்டும் கேள்வி, மற்றதெல்லாம் முடக்கம். மாற்றியபின் அவுட்லுக்கை மூடித் திறக்க வேண்டும். இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட இது எனக்கு நேரத்துக்கு நினைவு வந்ததில்லை. கால் மணி நேரம் திட்டிய பிறகுதான் வரும்.

இவ்வளவு புகழ்ந்தாலும், நண்பர் தனக்கும் அமைத்துத் தரக் கேட்டபோது வேண்டாம் என்றேன். அவரிடம் இருப்பது புதிய அவுட்லுக். அதில் விபிஏ ஓடாது. பழையதை இதற்காகத் தேடிப் போட்டுக்கொள்ளச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நேற்று அந்தக் கடைக்குக் காரமாக ஒரு மடல் எழுதினேன். 'பில்லை இணைத்திருக்கிறேன்' என்று முடித்திருந்தேன். 'இணைப்ப' இல்லையே, மேக்ரோ பேசாமல் விட்டுவிட்டது. பில் இன்னும் என் மேசைமேல்தான் கிடக்கிறது.