கருப்புப் பாசிக்கு நீல மருந்து வாங்கி ஏமாந்தேன் – சேலத்தில் மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

கடை பெயரைப் போடப் போவதில்லை. கடைக்காரர் செய்ததை மட்டும் எழுதுகிறேன். அதே பேச்சு வேறு கவுண்டரில் காதில் விழுந்தால் உங்களுக்கே புரிந்துவிடும்.

எனக்கு சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறை. வீட்டில் மூன்றடித் தொட்டி, 100 லிட்டருக்குக் கொஞ்சம் மேல் பிடிக்கும். இரண்டு ஏஞ்சல் மீன், பத்துப் பன்னிரண்டு டெட்ரா மீன், செர்ரி இறால் ஒரு முப்பது, நத்தைகள். சித்திரையில் ஒரு அனுபியாஸ் செடி வாங்கினேன். இலை ஓரம் முழுக்கக் கருப்பாக, பூனை முடி மாதிரி பொசுபொசுவென்று இருந்தது. கேட்டதற்கு, "அது இந்த ரகத்துக்கே உள்ள ஓரம்ணா, ரேர் வெரைட்டி" என்றார். ரேர் வெரைட்டிக்கு நூறு ரூபாய் கூடுதல் வேறு. கொடுத்தேன்.

அந்த "ஓரம்" ஆனி முடிவதற்குள் ஃபில்டர் குழாய், கட்டை, கல், மற்ற செடிகள் என்று எல்லாவற்றிலும் முளைத்துவிட்டது. விரலால் இழுத்தால் இலை கிழியும், பாசி வராது. பிரஷ் போட்டாலும் அப்படியே.

இதில் என் தப்பும் உண்டு, மறைக்க ஒன்றுமில்லை. செடிக்கு நல்லது என்று இரண்டு லிட்டர் பாட்டிலில் சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டு கார்பன் டை ஆக்சைடு விட்டுக்கொண்டிருந்தேன். நம்ம ஊர் வெயிலுக்கு அது முதல் மூன்று நாள் நுரைத்துத் தள்ளும், அடுத்த வாரம் செத்துக் கிடக்கும். இப்படி ஏறி இறங்குவதுதான் இந்தப் பாசிக்கு விருந்து. லைட்டையும் காலை பத்துக்குப் போட்டால் இரவு பத்துக்குத்தான் அணைப்பேன். செடியோடு விதை வந்தது கடையிலிருந்து என்றால், அதற்கு உரம் போட்டு வளர்த்தது நான்தான்.

கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகைக்குப் பட்டறை லீவு. சும்மா இருக்கும் நேரத்தில் தொட்டியைச் சரி பண்ணிவிடலாம் என்று அதே கடைக்குப் போனேன். போட்டோவைக் காட்டியதும் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"இதுக்கு ரெண்டு ஐட்டம்ணா. ஒண்ணு மீனு, ஒண்ணு மருந்து. பதினஞ்சு நாள்ல கண்ணாடி மாதிரி ஆயிடும்."

மீன் நான்கு, ஒன்று 150 ரூபாய், "ஒரிஜினல் சயாமீஸ் ஆல்கே ஈட்டர்", அதாவது பாசி தின்னும் மீன். மருந்து ஒரு பழுப்பு நிற பிளாஸ்டிக் பாட்டிலில், 650 ரூபாய். லேபிள் கிடையாது. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டேன். "கம்பெனி மருந்துண்ணா, பெரிய கேன்ல வருது, நாங்க பிரிச்சுத் தர்றோம்." இறாலுக்கு ஒன்றும் ஆகாதே என்று இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் "நத்தை, இறால் எல்லாத்துக்கும் சேஃப்" என்றார். பில் கேட்டதற்குத் தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்து, பின்னால் "மீன் மருந்து 1" என்று எழுதிக் கொடுத்தார். அதில் கடை பெயரும் இல்லை, தேதியும் இல்லை.

அன்று இரவே இரண்டு மூடி ஊற்றினேன். மஞ்சள் லைட்டில் நிறம் எனக்குத் தெரியவில்லை.

விடிந்து பார்த்தால், நத்தைகள் தண்ணீரை விட்டுக் கண்ணாடி விளிம்புக்கு ஏறி ஒட்டிக்கொண்டிருந்தன. இறால்கள் மணலில் மல்லாந்து கிடந்தன, வேகவைத்த மாதிரி வெளுத்த சிவப்பில். என் சின்ன மகள் எண்ணினாள். இருபத்தி மூன்று. மீதி எங்கே போனது என்று தெரியாது, கட்டைக்கு அடியில் இருந்திருக்கலாம்.

பாட்டிலை எடுத்து வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றிப் பார்த்தேன். நீலம். அந்த நீலத்தைத்தான் நான் வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பட்டறையில் பழைய வெள்ளியைச் சுத்தம் பண்ண நைட்ரிக் ஆசிட்டில் கரைத்து, செம்புத் தகட்டைத் தொங்கவிடுவோம். வெள்ளி சாம்பல் நிறத் தூளாகக் கீழே படியும், செம்பு கரைந்து தண்ணீர் நீலமாகும். சந்தேகம் தீர ஒரு இரும்பு ஆணியை உப்புத்தாளால் தேய்த்துக் கிண்ணத்தில் போட்டேன். டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஆணியின் மேல் செங்கல் நிறத்தில் செம்பு படிந்திருந்தது. பத்தாம் வகுப்பில் மயில்துத்தக் கரைசலில் ஆணி போட்டுக் காட்டுவார்களே, அதேதான். 650 ரூபாய்க்குச் செம்புத் தண்ணீர் வாங்கியிருக்கிறேன்.

செம்பு பாசியைக் கொல்லும், பொய்யில்லை. ஆனால் மீன் தாங்குகிற அளவுகூட இறாலுக்கும் நத்தைக்கும் விஷம். எங்கள் போர் தண்ணீர் கெட்டியான உப்புத் தண்ணீர் என்பதால்தான் ஏஞ்சலும் டெட்ராவும் பிழைத்தன. மென்மையான தண்ணீரில் செம்பு இன்னும் கடுமையாக வேலை செய்யும். வாழ்க்கையில் முதல் தடவையாக எங்கள் போரைத் திட்டாமல் இருந்தேன்.

மீன் கதை இதைவிட மோசம். பத்து நாளில் ஒரு ஏஞ்சலின் பக்கவாட்டில் வட்டமாகச் செதில் உரிந்திருந்தது. புதிதாக வந்ததில் ஒன்று அதன் உடம்பில் வாயை வைத்து ஒட்டிக்கொண்டு உறிஞ்சுவதை நானே பார்த்தேன். அது சயாமீஸ் இல்லை, சைனீஸ் ஆல்கே ஈட்டர். குஞ்சில் கொஞ்சம் பச்சைப் பாசி தின்னும், இந்தக் கருப்பை மோந்துகூடப் பார்க்காது. வளர வளரத் தட்டையான மீன்களின் மேல் இருக்கும் வழவழப்பைத் தின்னப் பழகிவிடும். வித்தியாசம் இதுதான்: சயாமீஸின் கருப்புக் கோடு மூக்கிலிருந்து வால் துடுப்பின் நுனி வரை நிற்காமல் ஓடும். சைனீஸுக்கு வாய் அடியில், கண்ணாடியில் ஒட்டும் கிண்ணம் மாதிரி இருக்கும். கவரில் போட்டுக் கட்டும் முன் மீன் கண்ணாடியில் ஒட்டுகிற வரை காத்திருந்து வாயைப் பாருங்கள். எனக்கு அந்த இரண்டு நிமிடம் பொறுமை இல்லை.

திரும்பிப் போய்க் கேட்டேன். "உங்க தண்ணிதான் சரியில்லண்ணா. சேலத்து போர் தண்ணின்னா அப்படித்தான்." ஆணியைக் காட்டினேன். "நீங்க என்னத்தையோ கலந்துட்டு வந்து சொல்றீங்க" என்றார். பக்கத்தில் இருந்த பையன் சிரித்தான்.

பில் தராததே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைத்துப் புகார் பதியலாம். நான் பணம் கையில் கொடுத்தேன். ஜிபேயில் அனுப்பியிருந்தால் கடையில் வாங்கினேன் என்பதற்காவது ஒரு தடயம் இருந்திருக்கும்.

என் மச்சினன் ஆத்தூரில் தாவரவியல் வாத்தியார். போனில் சொன்னான்: "மாமா, அது பார்க்கத்தான் கருப்பு. சிவப்புப் பாசி இனம். ஒரு இலையை சர்ஜிக்கல் ஸ்பிரிட்ல ஊறப்போட்டுப் பாருங்க." ராத்திரி போட்டேன். காலையில் பச்சையெல்லாம் ஸ்பிரிட்டில் இறங்கி, பாசி மட்டும் பீட்ரூட் நிறத்தில் நின்றது.

கடைசியில் வேலை செய்தது மெடிக்கல் ஷாப் ஹைட்ரஜன் பெராக்சைடு. இங்கே ஒரு எச்சரிக்கை: நம்ம ஊரில் பெரும்பாலும் 6 சதவீதம்தான் கிடைக்கும். மீன் தொட்டிக்குச் சொல்லும் கணக்கு 3 சதவீதத்துக்கு. சரிபாதி தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். ஃபில்டரை நிறுத்தி, ஊசி இல்லாத சிரிஞ்சில் பாசியின் மேல் மெதுவாக விட்டு, பத்து நிமிடம் கழித்து ஃபில்டரைப் போட்டேன். ஒரு நாளைக்கு மொத்தமே 25 மில்லி, ஒரு இடம் ஒரு நாள். பொங்கு பொங்கென்று குமிழி வரும். இரண்டு மூன்று நாளில் கருப்பு ரோஸ் ஆகி, வெளுத்து உதிர்ந்துவிடும். மோசமான இலைகளை வெட்டி எறிந்தேன், ஈஸ்ட் பாட்டிலைத் தூக்கிப் போட்டேன், லைட் ஆறு மணி நேரம், வாரம் ஒரு தடவை முப்பது லிட்டர் தண்ணீர் மாற்றம். இரண்டு மாதம் ஆனது. பதினைந்து நாளில் எதுவும் கண்ணாடி ஆகவில்லை. "லிக்விட் கார்பன்" என்று விற்பதும் இந்தப் பாசியைக் கொல்லும், ஆனால் நீளப் புல் மாதிரி இருக்கும் வாலிஸ்னேரியா செடி வைத்திருந்தால் அந்தச் செடியும் கரைந்துபோகும்.

புது இறால் இன்னும் தொட்டியில் விடவில்லை. செம்பு மணலிலும் கல்லிலும் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் வெளியே வருமாம். ஃபில்டரில் கரி (ஆக்டிவேட்டட் கார்பன்) போட்டு, தண்ணீர் மாற்றிக்கொண்டே இருக்கிறேன். மீதி நீல மருந்தைச் சாக்கடையில் ஊற்றவில்லை, பட்டறையின் ஆசிட் கழிவோடு சேர்த்துவிட்டேன். ஆணியை மட்டும் வைத்திருக்கிறேன்.

அந்த நான்கு மீன்களும் இப்போது பட்டறையில் தனித் தொட்டியில் இருக்கின்றன, நன்றாகத் தின்று வளர்கின்றன. கடைக்காரர் திரும்ப வாங்க மாட்டேன் என்கிறார். மூக்கனேரியில் விட்டுவிடு என்று இரண்டு பேர் சொன்னார்கள். வெளிநாட்டு மீனை நம்ம ஏரியில் விடுவதாக இல்லை. ஒன்று ஓரடி நீளம் வரை போகுமாம். பெரிய தொட்டி வைத்திருந்து, ஏஞ்சல் மாதிரி தட்டையான மீன் வளர்க்காதவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், நான்கையும் சும்மாவே தருகிறேன்.