மாருதி 800: 13 வருடமாக நானே வைக்கும் பிளக் கேப்

வண்டி 1998 மாடல் மாருதி 800. கார்புரேட்டர், 796 சிசி, மூன்று சிலிண்டர். பெரியப்பா ஓட்டிக்கொண்டிருந்தது 2011-ல் என் கைக்கு வந்தது. அப்போதிருந்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது, கேப் (பொறி தாண்டும் இரண்டு முனைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி) வைப்பது எல்லாம் என் வேலைதான். முதல் தடவை மட்டும் மெக்கானிக்கிடம் விட்டேன்.

வயதான மனிதர், அம்பாசடர் காலத்து ஆள். பிளக்கைக் கழற்றி லுங்கியில் துடைத்தார். டப்பாவிலிருந்து உடைந்த ஹாக்ஸா பிளேடு துண்டு ஒன்றை எடுத்தார். பல் இல்லாத பக்கத்தை இடைவெளியில் விட்டுப் பார்த்து, ஸ்பேனரால் லொட்டென்று ஒரு தட்டு தட்டினார். "கேஜ் வெச்சுப் பாக்க மாட்டீங்களாண்ணே?" என்றேன். "தம்பி, நாப்பது வருசமா இந்தத் துண்டுதான். ஒரு வண்டியும் திரும்பி வந்ததில்ல" என்றார்.

அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது பிறகுதான் புரிந்தது. கையில் பிடித்து அறுக்கும் சாதாரண ஹாக்ஸா பிளேடின் தடிமன் சுமார் 0.63 மி.மீ., அதாவது 25 தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினுக்குப் பிளக் கேப்பும் அதே 25 தவ்! அவர் கையிலிருந்தது அந்த வண்டிக்கு அச்சு அசலான கேஜ். மாருதி 800-க்கு வேண்டியதோ 0.7 முதல் 0.8 மி.மீ. கேப் குறுகினால் பொறி சின்னதாக விழும். ஐட்லிங்கில் பெட்ரோல்-காற்றுக் கலவை சரியாகப் பற்றாமல் வண்டி லேசாகத் துள்ளும். என் வண்டியும் சிக்னலில் நின்றால் துள்ளியது. வீட்டுக்கு வந்து, இடைவெளி அளக்கும் பில்லர் கேஜ் வாங்கி மூன்றையும் 0.75-க்கு வைத்தேன். துள்ளல் போய்விட்டது. அவரிடம் போய்ச் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

கேப் அதிகமானால் கதை வேறு. ஓட ஓட நடு முனையும் வளைந்த முனையும் தேயும், இடைவெளி தானாகவே விரியும். சேலம் டவுனுக்குள் ஓட்டும்போது இது தெரியவே தெரியாது. ஏற்காடு ஏறினால் தெரியும். 20 கொண்டை ஊசி வளைவில் ஐந்தாறு தாண்டுவதற்குள், இரண்டாவது கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதெல்லாம் யாரோ பின்னாலிருந்து இழுத்து இழுத்து விடுவது போலிருக்கும். சுமை ஏறும்போது சிலிண்டருக்குள் கலவை அதிகமாகப் போகிறது, அழுத்தமும் கூடுகிறது. அழுத்தம் கூடிய இடத்தில் பொறி தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். விரிந்த கேப்புக்கு அது இன்னும் அதிகம். அந்த வோல்டேஜைத் தரும் இக்னிஷன் காயிலால் முடியாதபோது மிஸ்ஸிங், அதாவது அந்தச் சிலிண்டர் பற்றாமல் விட்டுவிடும். நாலு சிலிண்டர் வண்டியில் ஒன்று போனால் சமாளிக்கலாம், மூன்றில் ஒன்று போனால் ஸ்டீயரிங்கே ஆடும். ஒருமுறை இப்படி வந்து இறங்கி அளந்தபோது ஒரு பிளக்கில் 0.95 இருந்தது. அதன்பிறகு 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கழற்றிப் பார்ப்பதென்று வைத்துக்கொண்டேன். நோட்டிலும் எழுதி வைக்கிறேன். வீட்டில் அதற்கு 'வண்டி ஜாதகம்' என்று பெயர்.

அளப்பதிலேயே ஒரு தப்பை இரண்டு மூன்று வருடம் செய்துகொண்டிருந்தேன். பில்லர் கேஜ் தட்டையான தகடு. புது பிளக்குக்கு அது போதும். 0.70 தாராளமாகப் போய், 0.75 லேசாக உரசிக்கொண்டு நழுவி, 0.80 மறுத்தால் சரி. ஓடிய பிளக்கில் வளைந்த முனையின் அடியில் சின்னப் பள்ளம் விழுந்திருக்கும். தகடு அந்தப் பள்ளத்துக்குள் இறங்காது, மேட்டிலேயே முட்டி நிற்கும். கேஜ் 0.75 என்று காட்டும், உண்மையான இடைவெளி அதைவிட அதிகமாக இருக்கும். இதற்கென்றே உருண்டைக் கம்பி வைத்த கேஜ் இருக்கிறது, விலையும் பெரிதில்லை. பழைய பிளக்கை அளக்கிறவர்கள் அதையே வாங்குங்கள்.

வளைக்கும்போது வெளி முனையை மட்டும் தொடவேண்டும். நடு முனையில் முட்டுக்கொடுத்து நெம்பினால் அதைச் சுற்றியுள்ள பீங்கான் போய்விடும். கேப்பைக் குறைக்க, வெளி முனையை மரக்கட்டையில் மெல்லத் தட்டுகிறேன். பெரிதாக்க, கேஜிலேயே இருக்கும் கொக்கி. கம்பி பிரஷ் போட்டுத் தேய்ப்பதை விட்டுவிட்டேன், பீங்கானில் உலோகத் தடம் படிந்தால் மின்சாரம் அந்த வழியாகவே கசிந்துவிடும்.

'கேப் வைத்தே வருகிறது, அப்படியே மாட்டலாம்' என்று கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டாம். ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கிய மூன்று பிளக்கில் எனக்குக் கிடைத்தது 0.70, 0.80, 0.90. பெட்டிக்குள் ஆடியதோ, எங்கேயோ விழுந்ததோ! நம்பர் பார்த்து வாங்குவதிலும் ஒரு சிக்கல் உண்டு. என்ஜிகே பிளக்கில் எண் ஏற ஏற குளிர்ந்த பிளக் (சூட்டைச் சீக்கிரம் வெளியேற்றுவது), பாஷில் எண் ஏற ஏற சூடான பிளக் (சூட்டைத் தக்கவைப்பது). ஒரு கம்பெனி எண்ணைப் பார்த்து இன்னொன்றை மனக்கணக்கில் வாங்கினால் நேர் எதிராகப் போய்விடும். எங்கள் பெரியப்பாவுக்கு இந்தக் கவலையே இருந்ததில்லை. அவருக்குப் பிளக் என்றால் மைக்கோதான். மைக்கோ 2008-ல் பாஷ் என்று பெயர் மாறியதை அவர் கடைசிவரை ஏற்றுக்கொள்ளவில்லை.

என் கைத்தவறும் ஒன்று உண்டு. 2016-ல் ஒரு பிளக் கைநழுவி சிமெண்ட் தரையில் விழுந்தது. வெளியே கீறல் தெரியவில்லை, கேப்பைச் சரிபார்த்து மாட்டிவிட்டேன். மறுநாளிலிருந்து மேட்டில் மட்டும் மிஸ்ஸிங். கார்புரேட்டரைக் கழுவினேன், பெட்ரோல் பில்டர் மாற்றினேன், ஒரு வாரம் வீணானது. கடைசியில் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது பீங்கானில் மயிரிழை அளவு விரிசல். விழுந்த பிளக்கை இப்போதெல்லாம் யோசிக்காமல் தூக்கிப் போட்டுவிடுகிறேன். இன்னொருமுறை கேப்பில் குற்றமே இல்லை, பிளக் வயர்தான். இரவில் லைட்டெல்லாம் அணைத்து, பானட்டைத் திறந்து, வண்டியை ஓடவிட்டுப் பார்த்தேன். வயரின் நடுவில் நீலமாக மினுக்கியது.

திரும்ப மாட்டும்போது அவசரம் கூடாது. பிளக் மாட்டும் சிலிண்டர் ஹெட் அலுமினியம், மரை போனால் செலவு பெரிது. இன்ஜின் நன்றாக ஆறியபிறகே கழற்றுவேன், அதற்குமுன் சைக்கிள் பம்பால் குழியிலுள்ள மண்ணை ஊதிவிடுவேன். மாட்டும்போது பிளக் தலையில் ஒரு துண்டு பெட்ரோல் ஹோஸைச் செருகி அதைப் பிடித்துத் திருகினால், மரை கோணலாக ஏறினாலும் ஹோஸ் வழுக்கிவிடும். கையால் முட்டும்வரை திருகியபின், புது பிளக் என்றால் ஸ்பேனரால் அரைச் சுற்று, கொஞ்சம் கூடலாம். வாஷர் நசுங்கிய பழைய பிளக் என்றால் கடிகாரத்தில் ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் உள்ள தூரம் போதும்.

நடு முனையில் இரிடியம் உலோகம் வைத்த பிளக் ஒரு செட் போட்டுப் பார்த்தேன். கேப் விரிவது குறைந்தது உண்மை. ஆனால் அந்த ஊசிமுனையில் கேஜை விடவே பயம், மைலேஜிலும் வித்தியாசம் தெரியவில்லை. அடுத்த தடவை சாதாரண பிளக்குக்கே திரும்பிவிட்டேன்.

போன ஞாயிறு கழற்றியபோது ஒன்றாவதும் இரண்டாவதும் டீத்தூள் வடிகட்டி மாதிரி நல்ல பழுப்பு, கேப் இரண்டிலும் 0.80. மூன்றாவது கறுப்பாக, தொட்டால் பிசுக்கென்று எண்ணெய். வால்வு சீலாக இருக்கலாம், ரிங்காகவும் இருக்கலாம். கேப் வைத்துச் சரியாகும் நோய் இல்லை. துடைத்து 0.75 வைத்து மாட்டியிருக்கிறேன், பொங்கல் கழிந்து ஹெட்டை இறக்கவேண்டும்.