முதியோர் இல்லத்துக்கு விரல் ஆக்சிமீட்டர்: ஒரு நிமிஷம் பொறுத்தால் நல்ல கருவி

செங்கோட்டை, புளியரைப் பக்கம் முதியோர் இல்லம் நடத்துபவர்கள் தொற்றுக் காலத்துக்குக் கட்டாயம் வாங்கி வைக்க வேண்டியது, ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று விரலில் மாட்டி அளக்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர். ஐந்துக்கு நாலு மார்க் தரலாம். எண்ணை மட்டும் காட்டும் மாடல் வேண்டாம். நாடித் துடிப்பை அலையாகக் காட்டுவதைக் கேட்டு வாங்குங்கள். அலை சீராக ஓடினால்தான் எண்ணை நம்பலாம்.

சாரல் காலத்தில் இது நன்றாக ஏமாற்றும். சில்லிட்ட விரலில் 86 என்று காட்டும். மூச்சுத் திணறல் இல்லையென்றால், உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கி வேறு விரலில் மாட்டிப் பாருங்கள், 96க்கு ஏறிவிடலாம். மருதாணி வைத்த விரலைத் தவிர்க்கவும். கை நடுங்குபவருக்குக் கையைத் தலையணைமேல் வைத்து மாட்டுங்கள். முதலில் வரும் எண்ணை நோட்டில் எழுதாதீர்கள். ஒரு நிமிஷம் ஆகட்டும்.

அந்த ஒரு நிமிஷத்தில்தான் பாதி வேலை இருக்கிறது. தனி அறையில் இருக்கும் பெரியவரின் கையை அன்றைக்கு வேறு யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். மாட்டிவிட்டு வராந்தாவுக்கு ஓடாமல் பேச்சுக் கொடுங்கள்: "ஆச்சி, காலைல என்ன சாப்ட்டிய?" 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர் இது, மலையாளம் பேசுபவரிடம் "அம்மே, ராவிலெ எந்தா கழிச்சது?" என்றே கேளுங்கள். தெரியாத பாஷையில் கேட்டால் குழப்பம் யாருக்கென்று கண்டுபிடிக்க முடியாது! நேற்றுவரை சரியாகச் சொன்னவர் இன்று உளறினால், காய்ச்சல் இல்லாவிட்டாலும், திரையில் 97 இருந்தாலும், டாக்டரைக் கூப்பிடுங்கள். வயதானவர்களுக்குத் தொற்று பலநேரம் குழப்பமாக, சாப்பாட்டில் வெறுப்பாக, திடீரென்று தடுமாறி விழுவதாகத்தான் தெரியவரும்.

94க்குக் கீழே போனால் டாக்டர். 90க்குக் கீழே போனால் உடனே ஆஸ்பத்திரி. நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ள சிலருக்கு வழக்கமான அளவே குறைவாக இருக்கும். நன்றாக இருக்கும்போதே எல்லோருக்கும் அளந்து எழுதி வைத்தால் குழப்பம் வராது. கறுத்த தோலில் கருவி கூட்டிக் காட்டலாம் என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2021இல் எச்சரித்தது. நம் ஊரில் 95 வந்தாலும் மூச்சு வாங்கினால் சும்மா விடக்கூடாது.

துடைக்க 70 சதவீத ஸ்பிரிட் நனைத்த பஞ்சு போதும். ஸ்பிரே அடித்தால் உள்ளே இறங்கிக் கெட்டுவிடும். காய்ச்சல் அறைக்குத் தனிக் கருவி. ராத்திரி முழுக்க மாட்டியே வைத்தால் மெலிந்த தோல் புண்ணாகும். ஒரு மார்க் குறைந்தது பேட்டரி ஸ்பிரிங்கால்: பயன்படுத்தாத மாதங்களில் பேட்டரியைக் கழற்றி வைக்காவிட்டால் கசிந்து துரு ஏறி, தேவைப்படும் ராத்திரியில் திரை எரியாது.