பெயர் சொல்லாத ‘இயற்கை பிரிசர்வேட்டிவ்’: க்ரீம் செய்யக் கற்றுத்தருகிறோம் என்பவர்களிடம் பணம் கட்டும் முன்

வீட்டிலேயே லோஷன், ஷாம்பு, ஹேர் சீரம் செய்து சின்ன அளவில் விற்கலாம் என்று ஆன்லைன் பயிற்சி தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முக்கியமாக, பயிற்சியோடு மூலப்பொருள் கிட்டும் சேர்த்து அனுப்புகிறோம் என்று சொல்லும் இடங்களில் சேர நினைப்பவர்களுக்கு. அப்படி ஒரு இடத்தில் நான் பணம் கட்டி ஏமாற்றப்பட்டேன். பணம் போனால் போகிறது. அவர்கள் சொல்லிக்கொடுத்தபடி செய்த க்ரீமை என் அக்கா முகத்தில் போட்டு அவதிப்பட்டாளே, அதுதான் இன்னும் ஆறவில்லை.

‘கெமிக்கலே இல்லாத அழகு சாதனங்கள், முடித்தவுடன் சான்றிதழ்’ என்று விளம்பரம். கட்டணம் கட்டியதும் சில வீடியோக்களும் ஒரு வாட்ஸ்அப் குழுவும் கிடைத்தன, பிறகு பெட்டி வந்தது. உள்ளே சின்னச் சின்ன பாட்டில்கள், ஜிப் கவர்கள். ஒன்றில்கூட தயாரித்தவர் பெயரோ, பேட்ச் எண்ணோ, காலாவதி தேதியோ இல்லை. ‘வாக்ஸ்’, ‘ஆக்டிவ் 1’, ‘ஆக்டிவ் 2’ என்று பேனாவால் எழுதி ஒட்டிய ஸ்டிக்கர்கள். ஒரே ஒரு பழுப்பு நிற டிராப்பர் பாட்டிலில் மட்டும் பளபளவென்று அச்சடித்த லேபிள். அதில் அவர்களாகவே வைத்த ஒரு பெயர். கூடவே ‘100% இயற்கை பிரிசர்வேட்டிவ், சில சொட்டுகள் போதும்’ என்ற வரி. பிரிசர்வேட்டிவ் என்றால் க்ரீமில் கிருமி வளராமல் தடுக்கும் பொருள். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை கிடையாது.

பாடத்தில் எல்லா அளவும் ஸ்பூன் கணக்கு, சொட்டுக் கணக்கு. இது முதல் அபாயக் குறி. ஒப்பனைப் பொருள் ஃபார்முலா எப்போதும் எடையில், சதவீதத்தில்தான் எழுதப்படும். ஒரு ஸ்பூன் எண்ணெயும் ஒரு ஸ்பூன் பொடியும் ஒரே எடை கிடையாது. ஒரு டிராப்பரின் சொட்டும் இன்னொரு டிராப்பரின் சொட்டும் ஒன்றல்ல. ஃபீனாக்ஸிஎத்தனால் என்ற பிரிசர்வேட்டிவை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் அதற்கு உச்சவரம்பு 1 சதவீதம். அதாவது 100 கிராம் லோஷனில் 1 கிராம். அதில் பாதி விழுந்தால் கிருமி தப்பிவிடலாம், இரண்டு மடங்கு விழுந்தால் தோல் எரியலாம். 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு இல்லாமல் இந்த வேலையைச் சொல்லித்தருபவர், பிறர் தோலைப் பற்றிக் கவலைப்படாதவர் என்றே நான் சொல்வேன்.

அந்த ‘வாக்ஸ்’ வெறும் தேன்மெழுகு. சூடாக்கியதுமே வாசனை காட்டிக்கொடுத்துவிட்டது. தேன்மெழுகு கெட்டிப்படுத்தும், அவ்வளவுதான். தண்ணீரையும் எண்ணெயையும் பிரியாமல் பிடித்து வைக்க அது மட்டும் போதாது, எமல்சிஃபயர் வேண்டும். எமல்சிஃபயிங் வாக்ஸ் என்ற பெயரில் அதற்கென்றே தயாரிக்கப்படும் பொருள் வேறு. முதல் பேட்ச் மறுநாளே மேலே எண்ணெய், கீழே தண்ணீர் என்று பிரிந்தது. குழுவில் கேட்டதற்கு, “இன்னும் நல்லா அடிங்க மேடம்” என்று பதில். நான் வேறு இடத்தில் சரியான எமல்சிஃபயர் வாங்கிச் செய்தேன். லோஷன் அழகாக வந்தது. பிரிசர்வேட்டிவ் மட்டும் அவர்களுடையது.

கற்றாழை ஜெல்லும் பன்னீரும் சேர்த்த முக லோஷன் அது. ஒரு டப்பாவை அக்கா வாங்கிக்கொண்டு போனாள், இன்னொன்று என் அலமாரியில் இருந்தது. சில வாரத்தில் அக்காவுக்குத் தாடை ஓரத்தில் சின்னச் சின்னதாகச் சீழ் வைத்த பருக்கள். தோல் மருத்துவர் முதலில் கேட்டதே, “புதுசா என்ன போடுறீங்க?” என்பதுதான். லோஷனை நிறுத்தச் சொல்லி மருந்து கொடுத்தார். ஆற நாளானது.

அவளுடைய டப்பாவில் பார்க்க ஒரு குறையும் இல்லை. வெள்ளை வெளேர் என்று, நல்ல வாசனையோடு இருந்தது. என் அலமாரி டப்பாவைத் திறந்து மூடியைத் திருப்பிப் பார்த்தேன். உள்விளிம்பில், மரை ஓடும் இடத்தில், கடுகுக்கும் சின்னதாகச் சாம்பல் நிறப் புள்ளிகள். நகத்தால் சுரண்டினால் பஞ்சு மாதிரி வந்தது. பூஞ்சை. பூஞ்சையாவது ஒரு கட்டத்தில் கண்ணுக்குத் தெரிகிறது. பாக்டீரியா ஒரு கிராமுக்கு லட்சக்கணக்கில் இருந்தாலும் க்ரீமின் நிறமோ மணமோ மாறாமல் இருக்கலாம். “கெட்டுப்போனா தெரிஞ்சிடும்” என்று வீடியோவில் சொன்னார்களே, அது சுத்தப் பொய்.

அக்காவின் டப்பாவை நுண்ணுயிர் பரிசோதனைக்குக் கொடுத்தேன். சாதாரண ஒப்பனைப் பொருளுக்கு ஐஎஸ்ஓ 17516 என்ற சர்வதேசத் தரம் அனுமதிப்பது ஒரு கிராமுக்கு 1,000 நுண்ணுயிர்கள் வரை. கண்ணைச் சுற்றிப் போடுவதற்கும் 3 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கும் 100 வரைதான். வந்த அறிக்கையில் எண்ணிக்கைக்கான கட்டத்தில் எண்ணே இல்லை. ‘எண்ண முடியாத அளவு அதிகம்’ என்று இருந்தது.

இதைக் குழுவில் போட்டேன். “ஈர விரலை விட்டிருப்பீங்க மேடம், உங்க பாத்திரம் சுத்தமா இருந்திருக்காது.” விரல் படுவதைத் தாங்கத்தானே பிரிசர்வேட்டிவ்? அந்தப் பாட்டிலில் என்ன இருக்கிறது, அதன் ஐஎன்சிஐ பெயர் என்ன என்று கேட்டேன். “அது எங்க ட்ரேட் சீக்ரெட்.” ஐஎன்சிஐ என்பது ஒப்பனைப் பொருட்களில் சேரும் ஒவ்வொன்றுக்கும் உலகம் முழுக்கப் புழங்கும் பொதுப்பெயர். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1223/2009 ஒழுங்குமுறைப்படி அந்தப் பட்டியல் லேபிளில் இருந்தே ஆக வேண்டும். எவ்வளவு சேர்த்தார்கள் என்பது ரகசியமாக இருக்கலாம், என்ன சேர்த்தார்கள் என்பது ரகசியமாக இருக்க முடியாது. மறுபடி கேட்டதும் என் பதிவை அழித்தார்கள், அன்று மாலையே குழுவிலிருந்து நீக்கினார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

நீக்குவதற்கு முன் பயிற்சியாளர் கோபத்தில் அனுப்பிய குரல் பதிவில் உண்மை வந்துவிட்டது: வைட்டமின் ஈ, ரோஸ்மேரி எக்ஸ்ட்ராக்ட், கிரேப்ஃப்ரூட் விதை எக்ஸ்ட்ராக்ட். இந்த மூன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். இதே கூட்டு வேறு வேறு பெயரில் உங்கள் கைக்கும் வரலாம்.

வைட்டமின் ஈயும் ரோஸ்மேரி எக்ஸ்ட்ராக்ட்டும் ஆன்டிஆக்ஸிடன்ட். எண்ணெய் காற்றுப் பட்டுச் சிக்கு வாடை அடிப்பதைத் தள்ளிப்போடும். தண்ணீரில் வளரும் கிருமியை அவை தடுக்காது. கிரேப்ஃப்ரூட் விதை எக்ஸ்ட்ராக்ட் விஷயம் இன்னும் மோசம். 1999ல் வெளியான ஒரு ஜெர்மானிய ஆய்வில் கடைகளில் கிடைத்த 6 எக்ஸ்ட்ராக்ட்டுகளைச் சோதித்தார்கள். கிருமியைக் கொன்ற 5லும் பென்ஸெத்தோனியம் குளோரைடு என்ற செயற்கைக் கிருமிநாசினி இருந்தது. எந்தச் செயற்கைப் பொருளும் இல்லாத அந்த ஒன்று கிருமியை எதுவுமே செய்யவில்லை. அதாவது ‘இயற்கை’ என்று விற்பது வேலை செய்தால் உள்ளே சொல்லாத ரசாயனம் இருக்க வாய்ப்பு அதிகம். இல்லாவிட்டால் உங்கள் லோஷன் பாதுகாப்பே இல்லாமல் கிடக்கிறது. எனக்கு வந்தது இரண்டாவது வகை.

இன்னும் சிலர் சோடியம் பென்ஸோயேட், பொட்டாசியம் சார்பேட் கொடுக்கிறார்கள். இவை உண்மையான பிரிசர்வேட்டிவ்தான், ஆனால் அமிலத்தன்மை இருந்தால்தான் வேலை செய்யும். அதை அளக்கும் எண்தான் பிஹெச்: 7க்குக் கீழே போகப் போக அமிலம், மேலே போகப் போகக் காரம். பென்ஸோயேட்டில் கிருமியைத் தடுக்கும் வடிவம் பிஹெச் 5ல் சுமார் 14 சதவீதம்தான் இருக்கும், பிஹெச் 6ல் 2 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். பிஹெச் அளக்கச் சொல்லாமல் இவற்றைக் கொடுப்பவரும் பாதி ஏமாற்றுக்காரரே.

ஷாம்பு பாடம் தனிக் கதை. ‘பிஹெச் பேலன்ஸ்டு ஹெர்பல் ஷாம்பு’ என்றார்கள். திரவ சோப்பில் மூலிகைக் கஷாயம், அவ்வளவுதான். பிஹெச் அளக்கும் காகிதப் பட்டையை நனைத்துப் பார்த்தேன், 9க்கு மேல் காட்டியது. உண்மையான சோப்பு எதுவானாலும் அப்படித்தான் காட்டும். முடியின் மேல்புறம் காரத்தில் செதில் செதிலாகத் தூக்கிக்கொள்ளும், சிக்கு விழும், உடையும். பிஹெச்சைக் குறைக்க எலுமிச்சைச் சாறு ஊற்றச் சொன்னார்கள். ஊற்றியதும் திரிந்து வெள்ளை வெள்ளையாகத் திப்பி மிதந்தது. அமிலம் பட்டால் சோப்பு உடைந்து மறுபடி கொழுப்பு அமிலமாகிவிடும் என்பது அடிப்படை வேதியியல். சோப்பை பிஹெச் 5க்குக் கொண்டுவர யாராலும் முடியாது. அந்த பிஹெச்சில் ஷாம்பு வேண்டுமென்றால் கோகாமிடோப்ரொப்பைல் பீட்டெய்ன், சோடியம் கோகாய்ல் ஐஸெதியோனேட் போன்ற நுரைப்பொருட்களில் தொடங்க வேண்டும். டெசைல் குளுகோஸைடு வாங்கினால், அதுவே கடுமையான காரம் என்பதால் சிட்ரிக் அமிலம் போட்டுக் குறைக்க வேண்டும். இதெல்லாம் கட்டணம் வாங்கியவர்கள் சொல்லியிருக்க வேண்டியது.

எனவே சேரும் முன் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள். கிட்டில் வரும் ஒவ்வொரு பொருளின் ஐஎன்சிஐ பெயர் என்ன? பிரிசர்வேட்டிவை எத்தனை சதவீதம் போட வேண்டும், எந்த பிஹெச் வரை வேலை செய்யும், எந்தச் சூட்டில் சேர்க்க வேண்டும்? தயாரிப்பாளரின் பகுப்பாய்வுச் சான்றிதழ் இருக்கிறதா, அதிலுள்ள பேட்ச் எண் பாட்டிலிலும் இருக்கிறதா? நேர்மையாக விற்பவர் இதற்கெல்லாம் முகம் சுளிக்க மாட்டார். ஃபீனாக்ஸிஎத்தனாலும் எத்தில்ஹெக்ஸில்கிளிசரினும் சேர்ந்த கலவையை விற்கும் ஒரு நல்ல கடையில் நான் இப்போது வாங்குகிறேன். கேட்காமலேயே அளவு, பிஹெச், பாதுகாப்புத் தாள் எல்லாம் பக்கத்திலேயே போட்டிருக்கிறார்கள்.

‘லேப் டெஸ்ட்டட்’ என்று காட்டினால் எந்தப் பரிசோதனை என்று கேளுங்கள். எனக்குக் காட்டிய தாள் ஏதோ ஒரு எண்ணெயில் உலோகம் இருக்கிறதா என்று பார்த்த அறிக்கை. க்ரீமுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. விற்கப் போகிறவர்களுக்குத் தேவை சேலஞ்ச் டெஸ்ட். ஐஎஸ்ஓ 11930 முறையில் 5 வகைக் கிருமிகளை வேண்டுமென்றே உங்கள் க்ரீமில் விட்டு, 7, 14, 28ஆம் நாட்களில் எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்று எண்ணுவார்கள். ஃபார்முலாவில் எதையாவது மாற்றினால் பழைய முடிவை அப்படியே நம்ப முடியாது. செலவு அதிகம்தான். அதற்கு வழியில்லாதவரை தண்ணீர் சேராத பொருட்களோடு நிறுத்திக்கொள்ளலாம்: தலைக்கு எண்ணெய், லிப் பாம், பாடி பட்டர். தண்ணீர் உள்ளே போகாதவரை இவற்றுக்குப் பிரிசர்வேட்டிவ் தேவையில்லை, வைட்டமின் ஈ போதும். குளிக்கும்போது ஈரக்கையோடு எடுக்கும் ஸ்க்ரப் மட்டும் இதில் சேராது.

பணம் கட்டியவர்கள் விளம்பரம், ரசீது, சாட், குரல் பதிவு எல்லாவற்றையும் குழுவிலிருந்து நீக்கப்படும் முன்பே சேமித்துவையுங்கள். கார்டில் கட்டியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்டு வங்கியில் டிஸ்ப்யூட் (புகார்) போட முடியும், அதற்குக் காலக்கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள்.

அந்த ‘இயற்கை பிரிசர்வேட்டிவ்’ கலவையை நம்பித் தண்ணீர், கற்றாழை, பன்னீர், கஷாயம் எது சேர்த்துச் செய்திருந்தாலும் கொட்டிவிடுங்கள். பார்க்க நன்றாக இருந்தாலும் சரி. இப்போது நல்ல பிரிசர்வேட்டிவ் சேர்த்துக் காப்பாற்றலாம் என்று நினைக்காதீர்கள். ஏற்கெனவே பெருகிவிட்ட கிருமியையும் அது விட்டுவைத்த கழிவையும் அந்த அளவு பிரிசர்வேட்டிவால் சரிசெய்ய முடியாது. யாருக்காவது கொடுத்திருந்தால் இன்றே போன் செய்து நிறுத்தச் சொல்லுங்கள். கண்ணுக்குப் பக்கத்தில் போடுபவர்களுக்கும், வீட்டில் கைக்குழந்தை இருப்பவர்களுக்கும் முதலில் சொல்லுங்கள்.