மகளுக்குப் பத்து, எனக்கு நூறு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது தொண்ணூறு ரூபாய் விவகாரம். நான் இருக்கும் ஊரில் அந்தக் காசுக்கு ஒரு காபியின் நுரைகூட வராது. ஆனாலும் மூன்று வாரப் பயணத்தில் மாமா பெண் கல்யாணம், வைத்தீஸ்வரன்கோவில் அர்ச்சனை, அம்மாவின் கண் ஆபரேஷன் எல்லாம் நல்லபடி முடிந்தும், மனதில் நிற்பது என்னவோ அந்த டிக்கெட் மேசை முன்னால் நின்ற நேரம்தான்.

மயிலாடுதுறை இப்போது தனி மாவட்டம். பலகைகள் மாறிவிட்டன, எங்கள் வீட்டில் இன்னும் மாயவரம்தான். நான் பதினேழு வருஷமாக டென்மார்க்கில், ரோஸ்கில்டே என்ற ஊரில் இருக்கிறேன். இந்த முறை பதினோரு வயது மகளுக்கு நம் கடற்கரைப் பக்கத்து அருங்காட்சியகங்களை எல்லாம் காட்டிவிடுவது என்று கிளம்பினேன். அவள் பள்ளிக்கூடத்தில் வரலாற்று வகுப்பில் 'ட்ராங்கேபார்' என்று ஒரு ஊர் வந்திருக்கிறது, டேனிஷ்காரர்கள் நம் தரங்கம்பாடியைச் சொல்லும் பெயர். டீச்சர் படத்தில் காட்டியதும் இவள் எழுந்து, அது எங்கள் பாட்டி வீட்டிலிருந்து முப்பது கிலோமீட்டர் என்று சொல்லியிருக்கிறாள். யாரும் நம்பவில்லையாம். அந்த ரோஷம்தான் காரணம்.

சம்பவம் நடந்தது தரங்கம்பாடியில் இல்லை. எந்த இடம் என்று சொல்லப்போவதும் இல்லை. அந்தக் கரையில் எங்கோ ஒரு சின்னக் காட்சிக்கூடம், வாசலில் ஒரு வேப்பமரம், அவ்வளவு போதும். அங்கே இருந்தவர் கெட்டவரும் இல்லை.

ஒரு மேசை, ஒரு ஸ்டூல், ஒரு டேபிள் ஃபேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் அம்மாவைப் பார்த்ததும் எழுந்து "வாங்கம்மா" என்றார். சுவரில் பெயின்ட்டால் கட்டணம் எழுதியிருந்தது. இந்தியர் பத்து, வெளிநாட்டவர் நூறு. மூன்று டிக்கெட் கேட்டேன். அவர் கிழிக்கப் போன நேரம் பார்த்து மகள் என் சட்டையை இழுத்து, பாத்ரூம் எங்கே என்று டேனிஷில் கேட்டாள். வீட்டில் தமிழ்தான் பேசுவாள். அவசரம் என்றால் மட்டும் டேனிஷ்.

கிழிக்கப் போன கை நின்றது.

"சார் எந்த ஊரு?"

"மாயவரம்."

"அது பேச்சுலயே தெரியுது. இப்ப எங்க இருக்கீங்க?"

சென்னை என்று சொல்லியிருக்கலாம். வெளிநாட்டில் இருந்ததில் ஒட்டிக்கொண்ட வியாதி, கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்பது வரை சொன்னேன்.

"அப்ப உங்களுக்கும் பாப்பாவுக்கும் நூறு நூறு. அம்மாவுக்குப் பத்து. ஆக மொத்தம் இருநூத்திப் பத்து."

பர்ஸை எடுத்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். நான் ஓ.சி.ஐ. அட்டையை எடுத்தேன், வேறு நாட்டுக் குடிமக்களாகிவிட்ட இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு கொடுப்பது. 2021 மார்ச்சில் மத்திய அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. இந்த அட்டை வைத்திருப்பவர்களுக்குத் தேசியப் பூங்கா, நினைவுச்சின்னம், அருங்காட்சியகம் எதுவானாலும் இந்தியர்களுக்கு உள்ள நுழைவுக் கட்டணமே என்று அதில் இருக்கிறது. போனில் தேடி எடுத்து நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் படித்தார். பாதியில் விடவில்லை, கடைசி வரி வரை படித்தார்.

"இது டெல்லி ஆர்டர் சார். எங்களுக்குக் கடுதாசி வரலை. சுவத்துல என்ன எழுதியிருக்கோ அதான்."

கோபன்ஹேகன் தேசிய அருங்காட்சியகத்தில் பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால் டிக்கெட்டே கிடையாது, எந்த நாட்டுப் பிள்ளை என்று ஒருவரும் கேட்பதில்லை என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. "அப்ப அங்கயே பார்த்துக்கலாமே சார்" என்றார். கிண்டல் இல்லை, யோசனையாகத்தான் சொன்னார்.

அம்மா, "கொடுத்துத் தொலையேண்டா, வெயில் ஏறுது" என்று ஆரம்பித்தாள். பணம் பெரிசில்லைம்மா என்றேன். பணம் பெரிசில்லை என்று சொல்கிறவன் எவ்வளவு நேரம் நிற்பான் என்று அம்மாவுக்குத் தெரியும். போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு உறுத்தியது அந்த 'வெளிநாட்டவர்' என்ற எழுத்துதான். விமான நிலையத்தில் வேறு வரிசையில் நின்றபோது ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் இங்கே, என் தாத்தா கருவாட்டு மூட்டையோடு அலைந்த ரோட்டில்? மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு ரயில் ஓடிய காலம் தெரியுமா என்று அவரிடம் கேட்டேன். 1926-இல் வந்த மீட்டர்கேஜ் பாதை, 1986-இல் நிறுத்தினார்கள். எட்டு வயதில் தாத்தாவோடு போயிருக்கிறேன்.

அவர் முகமே மாறிவிட்டது. "நானும் போயிருக்கேன் சார்! பொறையாத்துல இறங்குவோம். ஓடற ரயில்ல இறங்கி மாங்காய் பறிச்சுட்டுத் திரும்ப ஏறிக்கலாம்." ஐந்து நிமிஷம் அந்த ரயிலைப் பற்றியே பேசினோம். அந்தப் புகை, செம்பனார்கோயில் ஸ்டேஷனில் விற்ற வெள்ளரிப்பிஞ்சு, எல்லாம் வந்தது. சரி, ஆள் இளகிவிட்டார் என்று நினைத்தேன்.

"நல்ல காலம் சார் அது" என்று பெருமூச்சு விட்டார். அப்புறம், "இருநூத்திப் பத்து" என்றார்.

சரி, கிழியுங்கள் என்றேன். இப்போது வெளிநாட்டவர் டிக்கெட் புத்தகத்தைக் காணோம். மேசை டிராயரில் இல்லை. பீரோவில் இருக்குமாம். பீரோ சாவி இன்னொருவரிடம். அவர் டீ குடிக்கப் போயிருக்கிறார். புத்தகம் இல்லையென்றால் பத்து ரூபாய் டிக்கெட்டிலேயே விட்டுவிடுங்களேன் என்றேன். அவர் என்னை ஒரு திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். கால் மணி நேரம் காத்திருந்தேன். புத்தகம் வந்தபோது ஓரமெல்லாம் மஞ்சள் பூத்திருந்தது. கிழிக்க வேண்டிய அடுத்த சீட்டின் எண் 14. அது அச்சான நாளிலிருந்து பதின்மூன்று வெள்ளைக்காரர்கள் வந்திருக்கிறார்கள், பதினான்காவது நான்.

இதற்குள் பாத்ரூம் போய்வந்த மகள், பொழுது போகாமல் சுவரில் இருந்த விதிமுறைகளை எழுத்துக்கூட்டி உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். "கா-ல-ணி-க-ளை வெளி-யே வி-ட-வும்." ஞாயிற்றுக்கிழமைதோறும் அழவைத்துச் சொல்லிக்கொடுத்த தமிழ். 'ழ' வரும் இடத்தில் மட்டும் நாக்கு டென்மார்க்குக்குப் போய்விடும்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "பாப்பா தமிழ் படிக்குதே!"

"படிக்கும்" என்றேன் விறைப்பாக.

"இன்னொரு வரி படி பாப்பா." படித்தாள். "அப்புறம் என்ன, பாப்பாவுக்குப் பத்து ரூபாய்." பத்து ரூபாய் டிக்கெட்டைக் கிழித்து அவள் கையில் கொடுத்து, தலையைத் தடவிக்கொடுத்தார். நானும்தான் தமிழ் படிப்பேன் என்றேன். "உங்களுக்குத்தான் சீட்டு எழுதியாச்சே சார்."

ஐநூறு ரூபாய் நோட்டை நீட்டினால் சில்லறை இல்லை. கியூஆர் அட்டை ஒட்டியிருக்கிறது, ஆனால் என் போனில் இந்திய நம்பர் இல்லாமல் ஜிபே ஏது? கறிவேப்பிலைக்காரம்மாகூட அதில் வாங்கிக்கொள்கிறார். நான்தான் நாட்டுக்குள் ஒரு பைசா கொடுக்க வக்கில்லாமல் நிற்கிறேன். கடைசியில் அம்மா வந்து சுருக்குப்பையைத் திறந்து நூற்றிருபது ரூபாயை எண்ணி வைத்தாள்.

உள்ளே இருட்டு. ஒரு பெண்மணி எங்கள் கூடவே வந்தார். ஒவ்வொரு அறையிலும் நாங்கள் நுழையும்போது ட்யூப்லைட்டைப் போட்டு, வெளியே வரும்போது அணைத்தார். கரன்ட் பில்லாம். லைட் கண் சிமிட்டி எரிவதற்குள் பாதி அலமாரியைத் தாண்டிவிடுவோம். சீட்டுகளில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'பானை.' 'நங்கூரம்.' 'பழைய பொருள்.' அந்தக் கடைசி சீட்டைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

கடைசி அறையில் ஒரு கட்டுமரம். 'கட்டுமரம்' என்று சீட்டு.

என் எரிச்சல் உச்சத்துக்குப் போனது. ரோஸ்கில்டேயில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் கப்பல் அருங்காட்சியகம் இருக்கிறது. ஏறக்குறைய ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் எதிரி வராமல் இருக்க நீர்வழியில் வேண்டுமென்றே மூழ்கடித்த ஐந்து கப்பல்களின் துண்டுகளை 1962-இல் தோண்டி எடுத்தார்கள். ஒவ்வொரு பலகையையும் சுத்தம் செய்து, கோத்து, அது எந்த மரம், எங்கே வெட்டியது என்பது வரை எழுதிவைத்திருக்கிறார்கள். மொத்தக் கூட்டமும் உச்சுக்கொட்டிப் பார்க்கும். இங்கே நேற்றுவரை கடலுக்குப் போன மரம், அதற்கு ஒரு வார்த்தை.

"இதைப் பத்தி எழுதிப்போட ஒண்ணும் இல்லையா?" என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

லைட் ஸ்விட்ச் பக்கத்தில் நின்ற அந்த அக்கா, "என்ன தெரியணும் கேளுங்க" என்றார்.

அவர் அப்பா கட்டுமரத்தில் போனவராம். குழந்தையைக் கிட்டே கூப்பிட்டு, மரங்களின் முனை ஏன் மேல்நோக்கி வளைந்திருக்கிறது, அலையை எந்தப் பக்கமாக ஏற வேண்டும் என்று கையை வைத்துக் காட்டினார். ஆணி கிடையாது, எல்லாம் கயிற்றுக் கட்டுதான். கரைக்கு வந்ததும் கட்டைப் பிரித்து மரங்களைத் தனித்தனியாக மணலில் காயப்போட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் குடித்துக் கனத்துவிடும். தினமும் பிரித்து, தினமும் கட்டுவது. "படகு ஓட்டை விழுந்தா முழுகும். இதுல ஓட்டை விழ என்ன இருக்கு? தண்ணி மேலயும் வரும், கீழயும் போகும்" என்றார். மகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். பிறகு காற்றுகளின் பெயர். வடக்கே இருந்து வந்தால் வாடை, தெற்கே சோழகம், கிழக்கே கொண்டல், மேற்கே கச்சான். மகள் நோட்டில் நாலு திசை வரைந்து எழுதிக்கொண்டாள். 2004 சுனாமியில் அவர்கள் மரம் போய்விட்டது. அதற்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் வந்தன, கட்டுமரம் கட்டுகிற கைகள் குறைந்துவிட்டன. இதைச் சொல்லும்போது அவர் குரல் மாறவே இல்லை, நான்தான் வேறு பக்கம் பார்த்தேன்.

அரை மணி நேரமாவது இருக்கும். அதுவரை லைட் எரிந்துகொண்டே இருந்தது.

இதெல்லாம் எழுதி ஒட்டலாமே என்றேன். "என்னை யாரு சார் எழுதச் சொல்லப் போறாங்க, நான் பெருக்கறதுக்குப் போட்ட ஆளு" என்று சிரித்தார்.

தரங்கம்பாடியைப் பற்றி எழுதாவிட்டால் மகள் சண்டைக்கு வருவாள். முதல் தடவை வெள்ளிக்கிழமை போய், பூட்டிய டேனிஷ் கோட்டையைப் பார்த்துவிட்டு வந்தோம். தப்பு என் மேல். கோபன்ஹேகனில் திங்கட்கிழமை பூட்டுவார்கள் என்று மண்டையில் ஏறிப்போய், நம் ஊர் வெள்ளி விடுமுறை மறந்துவிட்டது. அடுத்த நாள் போனபோது எல்லாம் சரியாக இருந்தது. 1620-இல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் இடம் கொடுத்து, டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை. அப்போது நாயக்கர் டென்மார்க் ராஜாவுக்குப் பொன் தகட்டில் எழுதிய கடிதம் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 1845-இல் தரங்கம்பாடியையும் வங்காளத்து செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு இங்கிலீஷ்காரனிடம் விற்றுவிட்டுப் போனார்கள். மகள் கோட்டைச் சுவரில் சாய்ந்து, வகுப்பில் காட்டப் பதினோரு செல்ஃபி எடுத்தாள். அங்கே சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை.

நான் சொல்ல வந்ததை முடித்துவிடுகிறேன். அந்தக் காட்சிக்கூடத்திலிருந்து கிளம்பி, பத்து நிமிஷம் கார் ஓடியிருக்கும். நான் இன்னும் ஓ.சி.ஐ. சட்டத்தை டிரைவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். டெல்லிக்கு ஒரு மெயில் அனுப்பப்போகிறேன், அதன் நகலை இவர்களுக்கும் அனுப்பினால் கடுதாசி வந்துவிட்டதல்லவா என்று.

அம்மா பின்சீட்டிலிருந்து கேட்டாள். "அந்தப் பொண்ணு கையில ஏதாவது கொடுத்தியாடா?"

கொடுக்கவில்லை. தோன்றவே இல்லை.

காரைத் திருப்பச் சொன்னேன். வழியில் ஒரு பெட்டிக்கடையில் பிஸ்கட் வாங்கி ஐநூறு ரூபாயை மாற்றிக்கொண்டு போய் இறங்கினால் கேட்டில் பூட்டு. மணி நாலே முக்கால். பக்கத்துச் சுவரில் பெரிய எழுத்தில், மாலை ஐந்து மணி வரை என்று போட்டிருந்தது. மகள் அதையும் எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தாள்.