ஏ.பி.எல்.ஏ. பேக்கேஜ்: பெயர் ஒன்று, உள்ளே இருப்பது வேறு

கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியவர்களுக்கும் கரு அடுத்தடுத்துக் கலைந்தவர்களுக்கும் டாக்டர்கள் எழுதித் தரும் சோதனை ஏ.பி.எல்.ஏ. (ஆன்டிபாஸ்போலிபிட் ஆன்டிபாடி). இதே பெயரில் லேப்களில் இரண்டு விதமான பேக்கேஜ் கிடைக்கிறது. விலை குறைந்ததில் ஆன்டிபாஸ்போலிபிட் ஐ.ஜி.ஜி., ஐ.ஜி.எம். என்ற இரண்டு வகை எதிர்ப்பொருள் அளவுகள் மட்டுமே இருக்கும். அதை வாங்காதீர்கள். உடலே உண்டாக்கும் எதிர்ப்பொருட்களால் ரத்தம் கட்டும் நோயான ஆன்டிபாஸ்போலிபிட் சிண்ட்ரோமா என்று பார்க்க லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், ஆன்டிகார்டியோலிபின், பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன் 1 ஆகிய மூன்றும் வேண்டும். பில் போடும் முன்பே மூன்று பெயரும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

பின்னிரண்டும் எதிர்ப்பொருளின் அளவை நேரடியாக அளக்கும் எலைசா முறை. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கும் சரியாகவே வரும். பொதுவாக 40 யூனிட்டுக்கு மேல் இருந்தால்தான் கணக்கு.

லேபின் தரம் தெரிவது லூபஸ் ஆன்டிகோயாகுலன்டில்தான். கண்ணாடி விரியனின் நஞ்சைச் சேர்த்து, பிளாஸ்மா (ரத்தத்தின் நீர்ப்பகுதி) உறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்க்கும் டி.ஆர்.வி.வி.டி. சோதனை இதில் முக்கியம். உடலுக்குள் ரத்தத்தைக் கட்ட வைக்கும் அதே எதிர்ப்பொருள், குழாய்க்குள் உறைதலைத் தாமதப்படுத்தும்!

நீல மூடிக் குழாயில் 9 பங்கு ரத்தத்துக்கு, அதை உறையாமல் வைக்கும் சிட்ரேட் 1 பங்கு. கோடு வரை நிரம்பாவிட்டால் சிட்ரேட் மிகுந்து நேரம் பொய்யாக நீளும். 4 மணி நேரத்துக்குள் இரண்டு முறை சென்ட்ரிஃப்யூஜில் சுற்றிப் பிளாஸ்மாவைப் பிரிக்க வேண்டும். தட்டணுக்கள் மிஞ்சினால், ஃப்ரீசரில் வைத்து எடுக்கும்போது உடைந்து, தங்கள் சவ்விலுள்ள பாஸ்போலிபிட் என்ற கொழுப்பைக் கொட்டும். எதிர்ப்பொருள் அதில் ஒட்டிக்கொள்ள, நோய் ரிப்போர்ட்டில் தெரியாமலே போய்விடும். அதனால் வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்து மாலை வரை பையில் சுமக்கும் சேவை இதற்கு வேண்டாம். லேபுக்கே நேரில் போங்கள்.

என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்காத லேபையும் தவிர்த்துவிடலாம். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் ரிவராக்ஸபான் சாப்பிட்டால் பொய் பாசிட்டிவ் வரலாம். அதே வேலை செய்யும் வார்ஃபரினும் குழப்பும். ஹெப்பாரின் ஊசி போடுபவர்கள் அடுத்த டோஸுக்குச் சற்று முன்பு, கடைசி ஊசிக்குப் பிறகு 12 மணி நேரமாவது கழித்து ரத்தம் கொடுப்பது நல்லது. டாக்டரைக் கேட்காமல் எந்த மருந்தையும் நிறுத்தாதீர்கள்.

ரிப்போர்ட்டில் வெறும் 'பாசிட்டிவ்' போதாது. லூபஸ் ஆன்டிகோயாகுலன்டுக்கு ஸ்கிரீன் (முதல் சோதனை), மிக்ஸிங் (நல்ல பிளாஸ்மாவுடன் கலந்து பார்ப்பது), கன்ஃபர்ம் (கூடுதல் பாஸ்போலிபிட் சேர்த்து உறுதி செய்வது) மூன்றின் எண்களையும் கேட்டு வாங்குங்கள். காய்ச்சல், தொற்று வந்தாலும் சில வாரம் பாசிட்டிவ் காட்டும். ஆகவே 12 வாரம் கழித்து மறுபடி பார்த்தால்தான் நோய் உறுதியாகும். அந்த இரண்டாவது சோதனையையும் அதே லேபில், அதே முறையில் செய்யுங்கள்.